அத்தியாயம் 7: வேலை செய்யாத எடை – லாரி பாடியை இலகுவாகக் கட்டுவது எப்படி?

திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் புது சேஸை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருபவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “நல்லாக் கெட்டியாப் போட்டுக் குடுங்கண்ணா.” பட்டறைக்காரரும் மறுப்பதில்லை. தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிக்கும். குறுக்குச் சட்டம் இரண்டு கூடும். கேபின் மேல் பெரிய கேரியர் ஏறும். வண்டி வெளியே வரும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிக் கூடிய ஒவ்வொரு கிலோவையும் அந்த வண்டி ஓடும் காலமெல்லாம் உரிமையாளர் தன் காசில் சுமக்கிறார்.

லாரியில் வேலை செய்யும் எடை உண்டு. சும்மா ஏறி வரும் எடையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கவும், சும்மா வருவதை மட்டும் இறக்கவும் இந்த அத்தியாயம் வழிகாட்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் கட்டுபவர்களுக்கு இது பழகிய பாடம். பிரிட்டனில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன், பெரிய எஞ்சினைத் தேடிப் போகாமல் வண்டியின் எடையைக் குறைத்தே வேகம் எடுத்தவர். அந்த நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த எலிஸ் காரின் எடை சுமார் 725 கிலோ. அலுமினியச் சட்டங்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்த அதன் சேஸ் வெறும் 68 கிலோ. நம் லாரியின் ஒரு ஸ்டெப்னி, டிஸ்கோடு சேர்த்து, அதைவிடக் கனம். அந்தக் காரில் ஒரு டன்னுக்கு 160 குதிரைத்திறன் கிடைத்தது. 180 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள ஆறு சக்கர லாரியில் முழு லோடு ஏற்றினால் ஒரு டன்னுக்குப் பத்துகூடத் தேறாது. காரில் எடையைக் குறைத்தால் வேகம் கூடும். லாரியில் குறைத்தால் வருமானம் கூடும்.

1. ஆதாயம் எங்கே வருகிறது?

மத்திய அரசு 2018 ஜூலையில் அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கு உயர்ந்தது. இந்த மொத்த எடைக்குள் வண்டி, டீசல், டிரைவர், தார்ப்பாய், சரக்கு எல்லாம் அடக்கம். வண்டியின் வெற்று எடை 6.5 டன் என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 12 டன். வெற்று எடையை 6 டன்னாக்கினால் 12.5 டன். சங்ககிரியில் சிமென்ட் ஏற்றுகிறவருக்கு அது நடைக்குப் பத்து மூட்டை கூடுதல்.

மாதம் எட்டு நடை என்றால் 4 டன். ஆண்டுக்கு 48 டன். 12 டன் ஏற்றும் வண்டிக்கு இது நான்கு முழு லோடுக்குச் சமம். அதற்காக வண்டி ஒரு கிலோமீட்டர்கூட அதிகம் ஓட வேண்டியதில்லை.

டீசல் மிச்சம் இதைவிடச் சிறியது. ரேடியல் டயர் போட்ட லாரி சமவெளிச் சாலையில் சீராக ஓடும்போது, ஒரு டன் எடையை உருட்டிச் செல்ல 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் டீசல் செலவாகும். அரை டன் குறைத்தால் கால் லிட்டர் மிச்சம். மேடு ஏறி, நின்று கிளம்பும் சாலையில் இது இன்னும் கூடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குறைத்த 500 கிலோவை இரண்டு முறை லாபக் கணக்கில் எழுதக் கூடாது. அந்த இடத்தில் சரக்கை ஏற்றிவிட்டால் வண்டியின் மொத்த எடை பழையபடி 18.5 டன்தான், போகும்போது டீசல் மிச்சமில்லை. சரக்கில்லாமல் திரும்பும்போது மட்டும் டீசல் மிஞ்சும். சிமென்ட், இரும்பு, மக்காச்சோளம், நெல் போன்ற கனமான சரக்கை ஏற்றுபவருக்கு ஆதாயம் வாடகையில் வரும். பஞ்சு, தென்னை நார், மெத்தை போன்றவற்றை ஏற்றினால் எடை வரம்பைத் தொடுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். அவருக்கு வரும் ஆதாயம் டீசலும் டயர் தேய்மானமும்தான். நீங்கள் இந்த இருவரில் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாடிக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பது அதைப் பொறுத்தது.

2. எடை மேடையில் தொடங்குங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வெற்று எடையை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். வண்டி ஓட ஓட எதையாவது சேர்த்துக்கொண்டே போகும். எடை மேடையில் மூன்று முறை எடை போட வேண்டும்.

- முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறை.
- முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு முறை.
- பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு முறை.

மேடையும் அதன் முன்பின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சு எடை தவறாகக் காட்டும். முன், பின் எடைகளின் கூட்டு முழு எடையோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அன்று டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். 100 லிட்டர் டீசல் சுமார் 83 கிலோ வரும். 400 லிட்டர் நிரப்பிய வண்டிக்கும் கால் டேங்க் வண்டிக்கும் 250 கிலோ வித்தியாசம் இருக்கும். இதைக் குறிக்காமல் விட்டால் பாடி வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எடைகளை ஒப்பிட முடியாது.

3. காசு செலவில்லாமல் இறங்கும் எடை

பட்டறைக்குப் போகும் முன் வண்டியை வெறும் தரையில் நிறுத்தி, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் இறக்கி வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதுங்கள். கைக்கு வரும் பட்டியல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

- இரண்டாவது ஸ்டெப்னி. டயர், டியூப், ஃபிளாப், டிஸ்க் சேர்த்து 100 கிலோவை ஒட்டி வரும். வழியெங்கும் டயர் கடை உள்ள நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஒன்று போதும்.
- டூல் பாக்ஸில் தேங்கிய பழைய யு போல்ட், உடைந்த ஸ்பிரிங் பட்டை, துருப்பிடித்த சங்கிலி.
- நனைந்த தார்ப்பாய், கயிறு. கேன்வாஸ் தார்ப்பாய் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காயவைத்து மடித்தாலே எடை குறையும்.
- பாடியின் அடியிலும் மட்காடிலும் அப்பிய மண். மண்ணும் எம்-சாண்டும் ஏற்றும் வண்டியில் இது மூலை முடுக்கெல்லாம் கெட்டிப்பட்டிருக்கும். எடையைக் கூட்டுவதோடு ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.
- கேபின் மேல் உள்ள கேரியரும் அலங்காரச் சட்டங்களும். இவை உயரத்தில் இருப்பதால் வளைவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும், காற்றையும் எதிர்க்கும்.

ஜாக்கி, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு அண்டைக் கட்டை, தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி ஆகியவை இந்தப் பட்டியலில் வரக் கூடாது. இவை தினமும் பயன்படாவிட்டாலும் வேலை செய்யும் எடைதான்.

4. தரைத் தகடு: மெலிதாக்கினால் போதுமா?

பாடியில் அதிக எடை தரையில் இருக்கிறது. 24 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள தரையின் பரப்பு 17.8 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. ஆகவே 5 மில்லிமீட்டர் தகடு 700 கிலோ, 4 மில்லிமீட்டர் 560 கிலோ, 3 மில்லிமீட்டர் 420 கிலோ. ஒரு மில்லிமீட்டருக்கு 140 கிலோ.

உடனே “மூணு மில்லியே போடுங்க” என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். தகடு சுமையைத் தாங்கும் திறன் தடிமனின் இருமடிப்படி மாறும். 4 மில்லிமீட்டரை 3 ஆக்கினால் பலம் முக்கால் பங்காகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் பாதியைச் சற்றே தாண்டும் அளவுக்குக் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களை நெருக்கிப் போட வேண்டும். 40 சென்டிமீட்டர் இடைவெளி 30 ஆகும். 18 சட்டங்கள் இருந்த இடத்தில் 24 வேண்டும். மீட்டருக்கு 7 கிலோ உள்ள சானலில் 8 அடிச் சட்டம் ஒன்று 17 கிலோ. ஆறு சட்டத்துக்கு 102 கிலோ. தகட்டில் இறக்கிய 140 கிலோவில் 102 கிலோ சட்டமாகத் திரும்ப ஏறிவிடும். மிச்சம் 38 கிலோவும் ஆறு சட்டத்துக்கான வெல்டிங் கூலியும்தான்.

ஆகவே தடிமனோடு இரும்பின் தரத்தையும் மாற்ற வேண்டும். வழக்கமாகப் பட்டறைக்கு வரும் சாதாரண இரும்பு, இந்தியத் தரம் ஐ.எஸ். 2062-இல் ஈ250 வகை. அதே தரத்தில் ஈ450 என்ற பலம் கூடிய வகையும் உண்டு. ஈ450 தகடு 3 மில்லிமீட்டரில் தாங்கும் சுமையும் ஈ250 தகடு 4 மில்லிமீட்டரில் தாங்கும் சுமையும் கிட்டத்தட்ட ஒன்றே. சட்டங்களின் இடைவெளியை மாற்றாமலே 140 கிலோவை முழுதாக இறக்கலாம்.

இதிலும் ஒரு குறை உண்டு. பலம் கூடிய இரும்பு உடையாமலும் நிரந்தரமாகக் கோணாமலும் தாங்கும். ஆனால் சாதாரண இரும்பைவிட விறைப்பானது இல்லை. மெலிதான தகடு சுமையில் அதிகம் வளைந்து நிமிரும். இங்கே சொன்ன மாற்றத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். தரையில் இது பெரிய தொல்லை தராது. பக்கத் தடுப்பில் தட்டையான மெல்லிய தகடு போட்டால் சரக்கு தள்ளும்போது வெளியே உப்பி நிற்கும். அதனால் பக்கத் தகட்டை நெளிவு நெளிவாக மடித்துப் போட வேண்டும். மடிப்பின் ஆழம் கூடக் கூட விறைப்பு கூடும். எடை அதே விகிதத்தில் கூடாது. பட்டறையில் தகடு மடிக்கும் பிரஸ் பிரேக் இருக்கிறதா என்று கேட்பது இதற்காகத்தான்.

ஈ450 தகட்டைப் பற்றவைக்க லோ ஹைட்ரஜன் வகை ராடு வேண்டும். அது ஈரம் பட்டால் கெட்டுவிடும். சூடான பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். இதற்கு வசதியில்லாத இடத்தில் இந்தத் தகட்டைக் கொடுத்து வேலை வாங்காதீர்கள். பற்று ஓரத்தில் வெடிப்பு விட்டால் மிச்சம் பிடித்த எடைக்கு அர்த்தமே இல்லை.

5. மரமும் அலுமினியமும்

பழைய முறையில் கட்டும் மரத் தரைக்கு இன்றும் ஆதரவாளர்கள் உண்டு. மூட்டை வழுக்காது, பலகை பலகையாக மாற்றலாம், வெயிலில் சுடாது. எல்லாம் உண்மை. 35 மில்லிமீட்டர் கெட்டி மரத்தில் 24 அடித் தரை சுமார் 450 கிலோ வரும். 4 மில்லிமீட்டர் இரும்பைவிடக் குறைவு. ஆனால் மழையில் நனைந்த மரம் தன் எடையில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரைக் குடித்தாலே 40 கிலோவுக்கு மேல் கூடிவிடும். மரத் தரையைத் தேர்ந்தெடுத்தால் நன்கு உலர்ந்த பலகையும், வெட்டிய முனைகளில் எண்ணெயோ பெயின்டோ பூசுவதும் கட்டாயம்.

அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். 4 மில்லிமீட்டரில் அதே தரைக்கு 192 கிலோ போதும். விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு என்பதால் இரும்பின் அளவை அப்படியே அலுமினியத்தில் வெட்டிப் போட்டால் தொய்யும்; சட்ட அமைப்பையே மாற்றி வடிவமைக்க வேண்டும். அடைத்த கன்டெய்னர் பாடி, பால் வண்டி, பார்சல் வண்டி ஆகியவற்றுக்கு அலுமினியம் பொருந்தும். கல், ஜல்லி, இரும்புச் சுருள் ஏற்றுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஓடும் வண்டியில் உப்புக் காற்று இதை வேகப்படுத்தும். இரண்டும் சேரும் இடத்தில் ரப்பர் பட்டையும் நைலான் வாஷரும் போடச் சொல்லுங்கள்.

6. சக்கரத்தில் இறங்கும் எடை

சுழலும் எடையைக் குறைப்பதில் கூடுதல் பலன் உண்டு. வண்டி கிளம்பும்போது சக்கரத்தை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். விளிம்பில் உள்ள ஒரு கிலோ, வேகமெடுக்கும் நேரத்தில் பாடியில் உள்ள ஏறக்குறைய இரண்டு கிலோவுக்குச் சமம்.

டியூப்லெஸ் டயருக்கு மாறினால் டியூபும் ஃபிளாப்பும் லாக் ரிங்கும் இல்லாமல் போகும். இரும்பு டிஸ்குக்குப் பதிலாக அலுமினிய டிஸ்க் போட்டால் ஒன்றுக்குச் சுமார் 15 கிலோ குறையும். ஸ்டெப்னியோடு ஏழு சக்கரத்துக்கு 100 கிலோ. விலை அதிகம் என்பதால் நீண்ட தூர நெடுஞ்சாலை வண்டிக்கு மட்டும் யோசியுங்கள். கல்குவாரிப் பாதையில் ஓடும் வண்டிக்கு இரும்பு டிஸ்கே நல்லது.

7. மிஞ்சிய எடையை எங்கே வைப்பது?

கார் பந்தயங்களில் குறைந்தபட்ச எடை என்று ஒரு விதி உண்டு. அதற்கும் கீழே வண்டியைக் கட்டிவிட்டு, வேண்டிய எடையை உலோகக் கட்டிகளாகத் தரைக்கு அருகில் பொருத்துவது பந்தயக் குழுக்களின் உத்தி. எடையின் அளவோடு அது இருக்கும் இடத்துக்கும் அவர்கள் கவனம் கொடுக்கிறார்கள். லாரிக்கும் அது பொருந்தும்.

100 கிலோ டூல் பாக்ஸைப் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், 5 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் பின் அச்சில் 140 கிலோ ஏறும். முன் அச்சில் 40 கிலோ குறையும். பின் அச்சின் வரம்பு 11.5 டன் என்பதால் அந்த 40 கிலோவும் சரக்கிலிருந்து பறிபோகும். டூல் பாக்ஸ், தண்ணீர் டேங்க், ஸ்டெப்னி எல்லாம் இரண்டு அச்சுக்கும் நடுவே, சேஸின் பக்கவாட்டில், தாழ்வாக இருக்கட்டும்.

8. கை வைக்கக் கூடாத இடங்கள்

- சேஸ் ரெயிலின் மேல், கீழ் விளிம்பில் துளை போடுவதோ வெட்டுவதோ பற்றவைப்பதோ கூடாது. வளைவுச் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான்.
- ஸ்பிரிங் பட்டை, பிரேக் பாகங்கள், சேஸ் குறுக்குச் சட்டங்கள்.
- பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் உள்ள அண்டர்ரன் தடுப்புகள். இரு சக்கர வண்டியோ காரோ லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் காப்பவை இவை. எடை என்று பார்த்து இவற்றை அறுப்பது மனித உயிரோடு விளையாடுவது.
- நாமக்கல் வட்டாரத்தில் ஏராளமாக ஓடும் சமையல் எரிவாயு டேங்கர்களின் கலம். அது அழுத்தக் கலங்களுக்கான தனி விதிகளின்படி தயாராகிச் சோதிக்கப்படுவது. அதில் பட்டறை யோசனைக்கு இடமே இல்லை.
- போர்வெல் ரிக் வண்டி. திருச்செங்கோட்டின் அடையாளமான இந்த வண்டியில் மாஸ்ட், கம்ப்ரஸர், ஹைட்ராலிக் ஜாக்கி எல்லாமே வேலை செய்யும் எடை. ஆழத்திலிருந்து ராடை இழுக்கும்போது வண்டியை அசையாமல் நிறுத்துவதில் அந்தக் கனத்துக்கும் பங்குண்டு. இலகுவாக்க வேண்டியது ரிக்கோடு கூடப் போகும் சப்போர்ட் லாரியை. தேய்ந்த பிட், பழைய ஹேமர், வெட்டி மிஞ்சிய கேசிங் துண்டு எல்லாம் அதில்தான் தேங்கிக் கிடக்கும்.

9. பட்டறையில் பேசும்போது

பாடி ஆர்டர் கொடுக்கும் தாளில் இந்த ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும்:

- தரை, பக்கம், கதவு ஒவ்வொன்றுக்கும் தகட்டின் தடிமனும் தரமும்.
- குறுக்குச் சட்டத்தின் அளவு, எண்ணிக்கை, இடைவெளி.
- பாடி முடிந்தபின் வண்டியின் வெற்று எடை இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்ற உச்ச வரம்பு.
- எடை மேடைச் சீட்டு பார்த்த பிறகே கடைசித் தவணை என்ற நிபந்தனை.
- பாடியைச் சேஸோடு பிணைக்கும் யு போல்ட்டுகளின் எண்ணிக்கையும், ஓடத் தொடங்கிய சில நாளில் அவற்றை மறுபடி முறுக்கித் தரும் பொறுப்பும்.

மூன்றாவது வரியை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். “கெட்டியாப் போடுங்க” என்ற சொல்லுக்கு அளவு கிடையாது, கிலோவுக்கு உண்டு.

ஓடும் வண்டியின் பாடியை மாற்றுவதாக இருந்தால் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டி.என். 34 பதிவு வண்டிக்கு அது திருச்செங்கோட்டிலேயே இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வெற்று எடை குறைந்ததும் பதிவில் ஏற வேண்டும்.

10. குறைத்த எடையும் வரம்பும்

வண்டி இலகுவானால் வரம்பு உயர்ந்துவிடாது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, வரம்பு மீறி ஏற்றினால் ரூ.20,000 அபராதம், அதன்மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். எடை மேடைகளுக்கு இடையே வரும் வித்தியாசத்துக்கும், மழையில் நனையும் தார்ப்பாய்க்கும் சேர்த்து 150 கிலோவாவது வரம்புக்குக் கீழே விட்டு ஏற்றுங்கள்.

அபராதத்தைவிடப் பெரிய காரணம் பிரேக். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி தொப்பூர் கணவாயில் இறங்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். 18.5 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, பிரேக்கை மட்டும் நம்பினால், டிரம்களில் சேரும் வெப்பம் 50 லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. கூடும் ஒவ்வொரு டன்னும் இதில் மூன்று லிட்டரைச் சேர்க்கும். சிறிய கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்லாமல் அந்த இறக்கத்தில் எந்த வண்டியும் பத்திரமாக இறங்காது. பாடியில் மிச்சம் பிடித்த அரை டன்னுக்கு மேலே இன்னொரு டன்னை ஏற்றி அனுப்பும் உரிமையாளர், அந்த டிரைவரிடமிருந்து பாதுகாப்பைப் பறிக்கிறார்.

அடுத்த முறை வண்டி காலியாக ஊருக்குத் திரும்பும் நாளில், வீட்டுக்குப் போகும் வழியிலேயே எடை மேடையில் ஏற்றுங்கள். அந்தச் சீட்டையும் ஆர்.சி.யையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள கிலோக்களில் வேலை செய்யாதவற்றை இறக்கிவிட்டு, பட்டறைக்கு எழுத வேண்டிய தாளை அன்றே எழுதத் தொடங்குங்கள்.